நேத்துப் போன வேன்

சோலைமலைக்கு அந்தக் கறுப்புப் பெட்டி மேல கிறுக்கு. சும்மா இல்ல, சோறு தண்ணி மறந்த கிறுக்கு. ஆமத்தூர்ல பயராபீஸ் வேன் வந்து நிக்கிற இடத்துக்கு எதுத்தாப்புல அவன் கடை. பட்டாசுக் கம்பெனியை எங்க பக்கம் பயராபீஸ்னுதான் சொல்லுவோம். கடை போர்டுல 'டிவி, டிஷ் ரிப்பேர்'னு எழுதியிருக்கும். உள்ள எட்டிப் பாத்தா உள்ளங்கை அகலத்துக்கு டிவிப் பெட்டியா அடுக்கிக் கிடக்கும். டிவிக்குப் பின்னால சொருகி இன்டர்நெட் குடுத்தா படம் ஓடுமே, அந்தப் பெட்டிதான். மலிவா வாங்குன ஆளுக, ஒரு தீவாளி தாண்டுறதுக்குள்ள, "சவம் ஓட மாட்டேங்குது, நீயே வச்சுக்கோ"ன்னு இவன்கிட்ட வீசிட்டுப் போயிருவாக. இவன் ரெண்டு கையையும் நீட்டி, பிள்ளையை வாங்குற மாதிரி வாங்குவான்.

"எப்படி ஓடும்? விளம்பரமும் விளையாட்டும் கண்ட குப்பையையும் உள்ள திணிச்சு அனுப்புனா அது என்னத்தைச் சுமக்கும்?" இதைப் பக்கத்து டீக்கடை நாகையாகிட்ட சொல்லுவான். நாகையா பாவம், ஓட வழியில்லாத மனுசன். கடை ஒட்டுக்கடையாப் போச்சு. "அம்புட்டையும் அழிச்சுப்புட்டு லினக்ஸைப் போட்டேன் அண்ணாச்சி. இப்ப பாருங்க, இந்தச் சின்னப் பெட்டி ஒரு கம்ப்யூட்டரு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்லே. நேத்தும் சொன்ன."

பெட்டியோட விட்டானா? லுவான்னு ஒரு மொழியைப் பிடிச்சுக்கிட்டான். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ற மொழி. பிரேசில்காரங்க செஞ்சது, மொத்தமும் ஒரு கல்யாணப் போட்டோ அளவு கூட வராது, பெட்டியில எழுதுனதை அப்படியே போன்ல போட்டாலும் ஓடும், பழைய கம்ப்யூட்டர்ல போட்டாலும் ஓடும்னு வாய் ஓயாமப் பேசுவான். கேபிள் வயர் இழுக்கப் போன வீட்டுல ஏணி மேல நின்னுக்கிட்டுப் பேசி, கீழ ஏணியைப் பிடிச்சிருந்த ஆளுக்குக் கை வலிச்சு விட்டுட்டுப் போன கதையெல்லாம் உண்டு. யாருக்கிட்டயும் படிக்கல. போன்ல வீடியோ பாத்து, அடிச்சு அடிச்சுத் திருத்திக் கத்துக்கிட்டான். அவன் பொண்டாட்டி மாரிசெல்வி ஒருநாள் சோத்துத் தட்டைக் கொண்டாந்து வச்சுட்டுச் சொன்னா, "அந்த லுவாவையே கட்டியிருக்க வேண்டியதுதான. என்னைய எதுக்குக் கட்டுனீக?"

அதுக்கும் அவன் பெட்டியைப் பாத்துக்கிட்டேதான் "ம்ம்"னான்.

சும்மா கிறுக்குன்னு தள்ளிர முடியாது. அதுக்குள்ள ஒரு ரணமும் இருந்துச்சு. ஊர்ப் பொம்பளைகள்ல பாதிக்கு மேல பயராபீஸ்தான், மாரிசெல்வியும் சேத்து. காலையில ரெண்டு வேன் வரும். மஞ்ச வேன் சிவகாசிப் பக்கம் ஒரு ஆபீசுக்கு, நீல வேன் சாத்தூர்ப் பக்கம் ஒரு ஆபீசுக்கு. எதுல லோடு இருக்கோ, அதாவது செய்யிறதுக்குச் சரக்கு வந்திருக்கோ, எதுல தெரிஞ்ச போர்மேன் கூப்பிடுறானோ, அதுல ஏறிக்கிருவாக. உள்ள போன் ஆகாது. அதனால போனை வீட்டுலயே போட்டுட்டுப் போறது பழக்கம். முந்தி ஒரு தடவை வெடிச் சத்தம் கேட்டப்ப, ஊரே அலறியடிச்சு ஒரு ஆபீஸ் கேட்டுல போயி நின்னு அழுதுச்சு. வெடிச்சது வேற ஆபீஸ். இங்கன ஒரு தாய் மண்ணை வாரித் தூத்திக்கிட்டு நிக்கா, அங்கன அவ மகளை ஆம்புலன்ஸ்ல ஏத்துறாக. அந்தப் பிள்ளை வழியெல்லாம் அம்மாவைக் கேட்டுக்கிட்டே போயி, ஆஸ்பத்திரி சேரும்போது கேக்குறதை நிறுத்திருச்சு. அதைச் சோலைமலை கூட இருந்து பாத்தவன்.

அந்த நினைப்புலதான் இதைச் செஞ்சான். கடைச் சன்னல்ல ஒரு நம்பர் பேடு. வேலைக்குப் போற ஒவ்வொரு பொம்பளைக்கும் ஒரு நம்பர். வேன்ல ஏறுறதுக்கு முன்னால தன் நம்பரை அமுக்கி, அப்புறம் வேன் கலரை அமுக்கணும். மாரிசெல்வியோட நகப் பாலீசை எடுத்து ஒரு பொத்தானுக்கு மஞ்ச, ஒண்ணுக்கு நீலம், வீட்டுல இருந்தா வெள்ளைன்னு பூசி வச்சான். நகப் பாலீசுக்கு அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனி. அமுக்குனதும் கடை டிவியில பேரும் வேனும் வந்துரும். ஓசிக்குப் பெட்டி மாட்டிக் குடுத்த வீட்டு டிவியிலயும் வரும். ஆம்பளைக போன்லயும் அதே புரோகிராமை ஏத்திவிட்டான். "ஒரு எழுத்து மாத்தல அண்ணாச்சி. பெட்டியில ஓடுற அதேதான் போன்லயும் ஓடுது." அன்னைக்கு அவன் நாகையா கடையில எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தான்.

கொஞ்ச நாள் அமுக்குனாக. அப்புறம் முணுமுணுப்பு. வேன்காரன் ஆரன் அடிக்கான், சோத்து வாளி கையில, இதுல நம்பரை வேற அமுக்கவா? "முக்காவாசி நாளு ஒரே வேன்லதான போறோம், உன் பெட்டிக்குத் தெரியாதா?" சோலைமலை யோசிச்சான். நியாயமாத்தான் பட்டுச்சு. மூணே வரி எழுதுனான். ஒருத்தர் இன்னைக்கு ஒண்ணும் அமுக்கலேன்னா, நேத்துப் போன வேனையே இன்னைக்கும் காட்டு. அம்புட்டுதான். பொம்பளைகளுக்குச் சந்தோசம். அவனுக்கு அதைவிடச் சந்தோசம். அந்த மூணு வரியை நாகையாகிட்ட வாசிச்சே காட்டுனான்.

வெடிச்ச நாள் அன்னைக்குக் காலையில அவன் கையில புதுசா ஒரு பெட்டி. மருதையில யாரோ தூக்கிப் போட்டது, பெரிய சிப்பு. லினக்ஸ் ஏறுமா ஏறாதான்னு பாத்துக்கிட்டு இருக்கான். வெளிய வேன் நிக்குது, பொம்பளைக பேச்சு, ஆரன் சத்தம். வாசல்ல மாரிசெல்வி வந்து நின்னு என்னமோ சொன்னா. திரையில எழுத்து ஓடுது, இப்ப கண்ணை எடுத்தா விட்டுரும்.

"ம்ம், சரி சரி."

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு, போ."

அவ போயிட்டா.

மதியம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால தெக்க இருந்து சத்தம் வந்துச்சு. ஒண்ணு. கொஞ்சம் விட்டு அடுக்கடுக்கா. கடை அலமாரியில பெட்டிக ஒண்ணோட ஒண்ணு முட்டிச்சு. எங்க ஊர்ல அந்தச் சத்தத்துக்கு யாரும் 'என்ன'ன்னு கேக்க மாட்டாக. 'எது'ன்னுதான் கேப்பாக. தெருவுல இருந்து ஆளுக ஓடியாந்தாக, ஆனா இந்தத் தடவை ரோட்டுக்கு ஓடல. நேரா சோலைமலை கடைக்கு ஓடியாந்தாக. வேன்காரன் ஒருத்தன் மூலமாச் செய்தி வந்துருச்சு. நீல வேன் ஆபீசு. பேன்சி ரகம் செய்யிற ரூம்பு. ரூம்பே இல்லையாம்.

டிவியில நீலத்துக்குக் கீழ இருக்க பேரைச் சோலைமலை சத்தம் போட்டு வாசிச்சான். வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வீட்டு ஆளும் வண்டியை எடுத்துக்கிட்டுப் பறக்குது. அழகுமீனா பேரும் அதுல இருந்துச்சு, அதையும் வாசிச்சான். ஒண்ணுவிட்ட தங்கச்சி முறை, அடுத்த தெருதான். புருசன் முத்துக்கிருஷ்ணன் சிவகாசியில காலண்டர் அடிக்கிற பிரஸ்ல இருக்கான். அவன் போன்லயும் இந்நேரம் தெரிஞ்சிருக்கும்.

மாரிசெல்வி பேரு மஞ்சளுக்குக் கீழ இருந்துச்சு. அதைப் பாத்தப்ப அவனுக்குத் தெம்பு வந்துச்சு. அப்படித் தெம்பு வந்ததுக்கு வெக்கமாவும் இருந்துச்சு. நாகையா மக எழிலும் மஞ்சதான். கையில பிடிச்ச கிளாசோட நாகையா டிவி முன்னால வந்து நின்னாரு. சோலைமலை அவரைத் தோளைப் பிடிச்சு உக்கார வச்சான்.

"பதறாதீக அண்ணாச்சி. மஞ்ச வேன் ஆளுக யாரும் பதற வேணாம். அங்க ஓடி வழியை அடைக்காம இருந்தாலே உபகாரம். இதுக்குத்தான இம்புட்டும் செஞ்சேன்."

சனம் உக்காந்துச்சு. அவன் சொல்லை நம்பி உக்காந்துச்சு. ஒரு கெழவர் அவன் கையைப் பிடிச்சு, "நீ நல்லாயிருப்பே"ன்னாரு. சோலைமலைக்குக் கண்ணு நனைஞ்சிருச்சு.

அப்பத்தான் விருதுநகர் பஸ் வந்து நின்னுச்சு. இடுப்புல பிள்ளை, கையில மருந்துப் பை, அழகுமீனா இறங்குனா.

ஒரு பொம்பளை வீல்னு கத்திட்டா. கூட்டம் பின்னுக்குப் போச்சு. அழகுமீனா ஒண்ணும் புரியாம நடந்து வந்து டிவியைப் பாத்தா. தன் பேரைப் பாத்தா. அதுக்குக் கீழ சோலைமலை எழுதி ஓடவிட்டிருந்த 'வெடி விபத்து' வரியையும் பாத்தா. பிள்ளையோட அப்படியே தரையில உக்காந்துட்டா.

"நீ போகலையா?" சோலைமலை கேட்டான்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்ணே. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நான் போகல."

"பின்ன உன் நம்பரை அமுக்குனது யாரு?"

அவ அவனை நிமிந்து பாத்தா. "அண்ணே... உங்ககிட்டச் சொல்லிட்டுப் போறேன்னாகளே மதினி."

பயராபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு, ஆள் மாத்தி விடுறது. ஒரு ரூம்புக்கு நாலு பேரு. ஒருத்தி வரலேன்னா மத்த மூணு பேரு பாடும் திண்டாட்டம். வராதவளுக்குத் தீவாளிப் போனஸ்ல வேற வெட்டு விழும். அதனால வர முடியாதவ தனக்குப் பதிலா ஒருத்தியை அனுப்பிருவா. போறவ அன்னைக்குப் பொழுதுக்கும் அந்தப் பேருதான். வேன்ல அந்தப் பேரு, வருகைப் பதிவுல அந்தப் பேரு, போர்மேன் கூப்பிடுறதும் அந்தப் பேருதான். தெரிஞ்சும் தெரியாத மாதிரி எல்லாரும் இருந்துக்கிருவாக. அன்னைக்கு மாரிசெல்வி ரூம்புக்கு மட்டும் லோடு வரல, ஏறாதேன்னு மஞ்ச வேன்ல சொல்லிட்டாக. காய்ச்சக்காரப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அழகுமீனா வந்து நிக்கவும், "நீ ஆஸ்பத்திரிக்குப் போ, நான் பாத்துக்கிறேன்"னு அழகுமீனா நம்பரை அமுக்கி, நீலத்தை அமுக்கிட்டு ஏறிட்டா. இன்னைக்கு அவ அழகுமீனா. மாரிசெல்வி நம்பரை அவ எதுக்கு அமுக்கப் போறா? அமுக்காத நம்பருக்குப் பெட்டி என்ன காட்டணுமோ அதைக் காட்டுச்சு. நேத்துப் போன வேன்.

சோலைமலை எழுதுன மூணு வரி அது.

நாகையா எந்திரிச்சுட்டாரு. "அப்ப என் மக? ஏலே, என் மக மஞ்சளா நீலமா? இன்னைக்கு அமுக்குனாளா, நேத்து அமுக்குனதா? சொல்லித் தொலைலே."

சோலைமலையால சொல்ல முடியல. இன்னைக்கு அமுக்குனதுக்கும் நேத்து அமுக்குனதுக்கும் திரையில ஒரே எழுத்து, ஒரே கலரு. அதைப் பிரிச்சுக் காட்டணும்னு அவனுக்குத் தோணவே இல்ல. நாகையா கிளாசைத் தரையில அடிச்சுட்டு ரோட்டுக்கு ஓடுனாரு. உக்காந்திருந்த அம்புட்டுச் சனமும் எந்திரிச்சு ஓடுச்சு. ஓடும்போதே அவனை வஞ்சாக. நீ நல்லாயிருப்பேன்னு சொன்ன கெழவர், "பாவி, உக்கார வச்சுட்டியேடா"ன்னாரு.

வண்டியை எடுத்தான். வழியில எதுத்தாப்புல வந்தவன், எல்லாரையும் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாகன்னு சொல்லவும் வண்டியை அங்க திருப்புனான். தெக்க புகை இன்னும் எழும்பிக்கிட்டு இருந்துச்சு. அவன் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல. காலையில வாசல்ல நின்னு அவ என்ன சொன்னா? அதையே நினைச்சுக்கிட்டு ஓட்டுனான். கடைசியில 'காதுல விழுந்துச்சா'ன்னு கேட்டது ஞாபகம் இருக்கு. அதுக்கு முன்னால சொன்னதுல ஒரு சொல்லு கூட வர மாட்டேங்குது. என்ன சேலை கட்டியிருந்தான்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவான்? அதுவும் தெரியல. அவன் பாக்கல. வண்டியை ஓட்டிக்கிட்டே வாய்விட்டு அழுதான்.

ஆஸ்பத்திரி வாசல்ல போலீஸ் கயிறு கட்டியிருந்துச்சு. ஊர்ச் சனம் அம்புட்டும் அங்கதான். கூட்டத்துல நுழைஞ்சு, "மாரிசெல்வி, ஆமத்தூர் மாரிசெல்வி"ன்னு கேட்டான். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர், அப்படிப் பேரே வரலேன்னாரு. ஒரு நொடி மனசு துள்ளுச்சு. அடுத்த நொடியே விளங்கிருச்சு. அந்தப் பேரு எப்படி வரும்?

படிக்கட்டுல முத்துக்கிருஷ்ணன் உக்காந்திருந்தான். சட்டையெல்லாம் பிரஸ் மை. செருப்பு ஒத்தைக் காலுல கிடந்துச்சு. இவனைப் பாத்ததும் எந்திரிச்சு வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான்.

"மச்சான். உங்க புரோகிராம்லதான் பாத்தேன். பாத்ததும் மிசினை அப்படியே போட்டுட்டு ஓடியாந்துட்டேன். வீட்டுப் போனுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன், ஆரும் எடுக்கல. அவ பேரு இங்க சொல்லிட்டாக மச்சான். உள்ள இருக்கா. உசிரோட இருக்காளா இல்லையான்னு மட்டும் சொல்ல மாட்டேங்காக. நீங்க மட்டும் அதைப் போட்டுக் குடுக்கலேன்னா நான் இன்னும் காலண்டர் அடிச்சுக்கிட்டுல்ல இருந்திருப்பேன்."

நன்றி சொல்றான்.

சோலைமலை வாயைத் திறந்தான். சொல்லு வரல. எங்க ஊர்ல அவனை மாதிரி வாயடிக்கிற ஆளு கிடையாது, அவனுக்குச் சொல்லு வரல. ஏன்னா அவன் வாயைத் திறக்காத வரைக்கும் உள்ள கிடக்கிறது அழகுமீனா. உலகத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுறாக. போலீசு சொல்லுது, ஆஸ்பத்திரி சொல்லுது, அவன் பெட்டியே சொல்லுது. மாரிசெல்வி மஞ்ச வேன்ல போயி பத்திரமா இருக்கா. இவன் ஒரு வார்த்தை சொல்லிட்டா அது இல்லாமப் போயிரும். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் ஒரு மூச்சு நேரம் சும்மா நின்னா என்னன்னு இருந்துச்சு. அந்த நினைப்பு வந்ததை அவன் பின்னால மறைக்கல.

உள்ள இருந்து ஒரு நர்சம்மா வந்தாங்க. "அழகுமீனாவுக்கு ஆள் யாருப்பா?"

முத்துக்கிருஷ்ணன் கையை உதறிட்டு ஓடப் போனான். சோலைமலை அவன் தோளைப் பிடிச்சு நிறுத்துனான்.

"மாப்ளே, நில்லு. உன் பொண்டாட்டி ஊர்ல இருக்கா. நான் கண்ணால பாத்துட்டு வாரேன். பிள்ளைக்குக் காய்ச்சல்னு அவ வேலைக்கே போகல. உள்ள இருக்கது மாரிசெல்வி."

முத்துக்கிருஷ்ணனுக்கு முதல்ல ஏறல. ரெண்டாவது தடவை சொன்னப்ப ஏறுச்சு. அந்த முகத்துல அப்படி ஒரு சந்தோசம் வந்துச்சு. அதை அவனால அடக்க முடியல. அடக்குனா அவன் மனுசனே இல்ல. அப்புறம் சோலைமலை முகத்தைப் பாத்தான். பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு அவன் பின்னாலயே உள்ள வந்தான்.

உசிரு இருந்துச்சு. சாப்பாட்டுக்குத் தண்ணி எடுக்க ரூம்பை விட்டு வெளிய வந்தவளைத்தான் தீ பிடிச்சிருக்கு. ரூம்புக்குள்ள இருந்த மத்த மூணு பேரும் இல்ல. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் துணி சுத்திக் கிடந்துச்சு. முன்மயிரு கருகி, புருவம் இல்லாம, யாரோ மாதிரி இருந்தா. கண்ணை வச்சுத்தான் அடையாளம் தெரிஞ்சுச்சு. சோலைமலை கட்டில் பக்கத்துல மண்டி போட்டான். எங்க தொடுறதுன்னு தெரியாம அவ கால் விரலைப் பிடிச்சுக்கிட்டான்.

அவ உதட்டை அசைச்சா. காதைக் கொண்டு போனான்.

"பேரை மாத்திச் சொல்லிறாதீக. அழகுக்குப் போனஸ் போயிரும்."

பின்னால நின்ன முத்துக்கிருஷ்ணன் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

"காலையில சொல்லிட்டுத்தான வந்தேன்," மாரிசெல்வி இழுத்து இழுத்துக் கேட்டா. "கேட்டீகள்ல?"

"கேக்கல," சோலைமலை சொன்னான். "நீ சொன்னதை நான் கேக்கவே இல்ல தாயி."

எழில் மஞ்ச வேன்லதான் போயிருந்தா. நல்லபடியா வந்து சேந்தா. நாகையா அதுக்கப்புறம் ரொம்ப நாள் சோலைமலையோட பேசல. டீ மட்டும் குடுத்தாரு. நீலத்துக்குக் கீழ பேரு வாசிச்ச வீடுகள்ல சிலது இன்னும் வாசல் தெளிக்காமக் கிடக்கு. ஆஸ்பத்திரியில இருந்து துணி எடுக்க வந்த அன்னைக்குச் சோலைமலை கடையைத் திறந்தான். டிவி ஓடிக்கிட்டே இருந்துச்சு. மாரிசெல்வி, மஞ்ச வேன். அவ தீப்புண்ணோட கிடந்த நாளெல்லாம் அது அவளைத் தெனமும் வேலைக்கு அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு. நின்ன வாக்குலயே அந்த மூணு வரியையும் அழிச்சான். இப்ப விடிஞ்சா எல்லாப் பேருக்கும் நேர 'தெரியல'ன்னுதான் நிக்கும். ஆள் வந்து அமுக்குனாத்தான் மாறும். ஆள் மாத்திப் போறவளுக்குன்னு தனியா ஒரு பொத்தான், சிவப்பு. அதை அமுக்குனா ரெண்டு பேரோட பேரும் திரையில வரும், ஆபீசுக்குத் தெரியாது. பொம்பளைக ஒருத்தி கூட முணுமுணுக்கல.

மாரிசெல்வி மறுபடி வேலைக்குப் போக ரொம்ப காலம் ஆச்சு. போக வேணாம்னு அவன் மன்றாடிப் பாத்தான். "பின்ன உங்க பெட்டியா சோறு போடும்?"னு கேட்டா. போன முதல் நாள் கடை வாசல்ல வந்து நின்னா. இவன் கையில ஒரு பெட்டி, பாதி பிரிச்சது. கீழ வச்சுட்டு எந்திரிச்சு வாசலுக்கு வந்தான்.

"மஞ்ச வேன்," அவ சொன்னா.

"மஞ்ச வேன்," அவன் திருப்பிச் சொன்னான்.

சுருங்கிப் போன விரலு நேரா நீள மாட்டேங்குது. முதல் தடவை பக்கத்துப் பொத்தானுல பட்டுருச்சு. நான் அமுக்குறேன்னு அவன் கையைக் கொண்டு போனான், பாதியில நிறுத்திக்கிட்டான். வேன்காரன் ஆரன் அடிச்சான். சோலைமலை அவனைப் பாத்துக் கையைக் காட்டி நிக்கச் சொன்னான். அவ திருப்பி அமுக்குனா.

திரையில பேரு வந்ததையும் அவன் நம்பல. ரோடு வரைக்கும் கூட நடந்து போயி, அவ வேன்ல ஏறி உக்காருற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் கடைக்குத் திரும்புனான்.